மிளகாய்த்தூளில் கிருமி: ஆய்வுக்கூடம் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சரக்கின் தரத்தைக் கண்ணால் பார்த்து, கையால் அளைந்து, மூக்கால் முகர்ந்து சொல்லிவிடலாம் என்பது நம் தொழிலில் வழிவழியாக வந்த நம்பிக்கை. குண்டூர் மிளகாயின் காம்பைக் கிள்ளிப் பார்த்தே அது புதுச் சரக்கா, பழைய சரக்கா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் கடைவீதியில் இன்றும் இருக்கிறார்கள். நாமும் திருத்தணியில் முப்பத்தெட்டு வருடமாக மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் மூக்குக்கும் அகப்படாத ஒரு குற்றம் சரக்கில் இருக்க முடியும் என்பதை 2017ஆம் ஆண்டில்தான் படித்துக்கொண்டோம். நாம் பட்டது மற்ற வணிகர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்து, பில் போடுவதற்கே ஆளுக்கொரு ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்த சமயம். ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாட்கள் இருந்தன. நம் ஊரில் ஆடிக் கிருத்திகை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்திலிருந்தும், நம் மாவட்டத்து ஊர்களிலிருந்தும் காவடி எடுத்து வருகிற கூட்டத்தில் கடைவீதி அடைபட்டுப் போகும். திருவிழா வியாபாரத்தை நம்பி, குண்டூர் மிளகாய் வாங்கி, மில்லில் அரைத்து, 25 கிலோ சிப்பமாகப் பன்னிரண்டு சிப்பம் கட்டினோம். நான்கு சிப்பம் சிப்ஸ், மிக்சர் தயாரிக்கும் ஒருவருக்குப் போயிற்று. அன்னதானச் சமையல்காரருக்கு இரண்டு. நகரி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, திருத்தணி சில்லறைக் கடைகளுக்கு ஐந்து. ஒன்று கிடங்கில் இருந்தது.

சிப்ஸ் தயாரிப்பாளர் சென்னைக்குச் சரக்கு அனுப்புகிறவர். வாங்கிய தூளைச் சோதனை செய்யாமல் பயன்படுத்த மாட்டார். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து ஆய்வறிக்கை வந்தது. ‘சால்மொனெல்லா: 25 கிராமில் உள்ளது’ என்று ஒரே ஒரு வரி. நான்கு சிப்பத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நமக்கு முதலில் வந்தது கோபம். விலையைக் குறைக்க இது ஒரு தந்திரம் என்று நினைத்தோம். வேண்டாதவர் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றும் நினைத்தோம். தம்பி மகன் கடையைக் கவனித்துக்கொள்கிறான். அவன், “பெரியப்பா, பேசாம இருங்க. மத்த சரக்கு இந்நேரம் பாதி வித்திருக்கும். நாமளே போய்ச் சொன்னா பேரு கெட்டுப் போகும்” என்றான். வெட்கத்தோடு சொல்கிறோம், இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை, கிடங்கில் இருந்த சிப்பத்திலிருந்து கொஞ்சம் தூள் எடுத்துக்கொண்டு, மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். வேறோர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, முதல் அறிக்கை பொய் என்று நிரூபிப்பதே எண்ணம்.

திருடனுக்கு மட்டும் பந்தி

அந்த ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவைப் பார்ப்பவர் நம் மகள் வயதுடைய ஒரு அம்மாள். நாம் கோபமாகப் பேசியதைக் கேட்டுவிட்டு, “ஐயா, உட்காருங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறோம்னு ஒரு தடவை பாருங்க. அப்புறம் சந்தேகப்படுங்க” என்றார். அவர் சொன்னதையும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஒரு கிராம் மிளகாய்த்தூளில் சாதாரண நுண்ணுயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். மண்ணிலும் காற்றிலும் இருப்பவையே அவை. பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. அந்தக் கூட்டத்தில் நாலைந்து சால்மொனெல்லா கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? திருவிழாக் கூட்டத்தில் ஜேப்படித் திருடனைத் தேடுவது போலத்தான். நுண்பெருக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிக் குச்சிகளாகத் தெரியும். ஆகவே விஞ்ஞானிகள் வேறொரு வழி கண்டார்கள். தேடுகிற கிருமி மட்டும் சாப்பிட்டு வளரும்படியும், மற்றவை பட்டினி கிடந்தோ மருந்துபட்டோ அடங்கிப் போகும்படியும் ஓர் உணவு சமைத்து வைப்பது. இதற்குத் தேர்வு வளர்ப்பு ஊடகம் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் ‘மீடியா’ என்கிறார்கள்.

அந்தச் சமையலுக்கு ஆதாரமான பொருள் நம் கடையிலேயே இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். நாம் சைனா கிராஸ் என்றும் கடல்பாசி என்றும் விற்கிறோமே, அந்த அகார்-அகார்தான் அது. ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மேதை கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். உடல் சூட்டில் வைத்தால் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, 1881ஆம் ஆண்டு வாக்கில், வீட்டில் இனிப்புச் செய்யப் பயன்படுத்திய அகாரை உபயோகித்துப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் இருந்து வந்த அண்டை வீட்டாரிடம் அவர் கற்ற சமையல் அது. ஒரு முறை உறைந்துவிட்டால், கொதிநிலையை நெருங்கும் வரை அகார் உருகாது. அன்றிலிருந்து இன்றுவரை உலகெங்கும் அதுதான். நம் மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கப்படுகிறது.

அகார் வெறும் பாத்திரம் போன்றது. அதில் சேர்க்கிற சரக்குதான் கிருமியைத் தேர்ந்தெடுக்கிறது. இங்கிலாந்தில் மக்கான்கி என்ற மருத்துவர் 1900களின் தொடக்கத்தில் ஒரு யுக்தி செய்தார். நம் குடலில் பித்தநீர் இருக்கிறது. குடலில் வாழப் பழகிய கிருமிகள் அதைத் தாங்கும். மற்றவற்றில் பல தாங்காது. ஆகவே ஊடகத்தில் பித்த உப்பைச் சேர்த்தார். அதோடு பால் சர்க்கரையையும், புளிப்பு ஏறினால் சிவக்கும் ஒரு சாயத்தையும் சேர்த்தார். குடலில் சாதாரணமாக இருக்கும் ஈ. கோலை போன்றவை பால் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்கி, ரோஜா நிறப் பொட்டுகளாக வளரும். டைபாய்டுக்குக் காரணமான சால்மொனெல்லா வகைக்கும், சீதபேதிக்குக் காரணமான ஷிகெல்லாவுக்கும் பால் சர்க்கரை வேண்டாம். அவை நிறமில்லாமல் வளரும். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

ஐந்து நாள் ஏன்?

“காலையில் கொடுத்தால் மாலையில் சொல்லக்கூடாதா?” என்று கேட்டோம். அந்த அம்மாள் நாள்வாரியாக விளக்கினார்.

முதல் நாள், 25 கிராம் தூளை 225 மில்லி பெப்டோன் நீரில் கலந்து, 37 டிகிரி சூட்டில் சுமார் பதினெட்டு மணி நேரம் வைக்கிறார்கள். உலர்ந்த தூளில் கிருமி செத்துப் போவதில்லை. வலுவிழந்து மயங்கிக் கிடக்கிறது. காய்ச்சலில் கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போல, அதற்கு மென்மையான உணவு கொடுத்துத் தெம்பேற்ற வேண்டும். எடுத்தவுடன் கடுமையான ஊடகத்தில் போட்டால் தேடுகிற கிருமியும் மடிந்துவிடும். அப்புறம் ‘இல்லை’ என்று தவறான அறிக்கை வரும்.

இரண்டாம் நாள், அதில் சிறிது எடுத்து, பச்சைச் சாயமும் மக்னீசியம் உப்பும் சேர்ந்த வேறு திரவத்தில் விட்டு, 41.5 டிகிரியில் ஓர் இரவு வைக்கிறார்கள். அந்தச் சாயத்தையும் உப்பையும் சூட்டையும் சால்மொனெல்லா தாங்கிப் பெருகும். மற்றவற்றில் பெரும்பாலானவை அடங்கும். இதுபோல இன்னொரு திரவத்திலும் வைப்பது உண்டு.

மூன்றாம் நாள், மெல்லிய கம்பி வளையத்தால் தொட்டு, அகார் தட்டில் கோடு இழுக்கிறார்கள். இதற்குப் பெரிதும் பயன்படுவது எக்ஸ்.எல்.டி. என்னும் ஊடகம். அமெரிக்க விஞ்ஞானி வெல்டன் டெய்லர் 1965இல் வெளியிட்டது. சைலோஸ் என்ற சர்க்கரை, லைசின், பித்த உப்பு வகை ஒன்று, கந்தகம் தரும் உப்பு, இரும்பு உப்பு, சிவப்புச் சாயம் எல்லாம் இதில் உண்டு. சால்மொனெல்லா கந்தக வாயுவை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்து கறுக்கும். அதனால் நான்காம் நாள் தட்டைப் பார்த்தால், சிவப்புப் பொட்டின் நடுவே கறுப்புக் கண் தெரியும். ஈ. கோலை மஞ்சளாக வளரும்.

இதன் பிறகும் உடனே தீர்ப்பு எழுதுவதில்லை. அந்தப் பொட்டைத் தனியே எடுத்து, வேதிச் சோதனையும் சீரம் சோதனையும் செய்து உறுதிப்படுத்திக்கொண்டே அறிக்கை தருகிறார்கள். ஐந்து நாள் ஆவதற்கு இதுவே காரணம்.

ஊடகம் தயாரிக்கும் அறையையும் பார்த்தோம். தயார்ப் பொடியை எடை போட்டு, காய்ச்சி வடித்த நீரில் கலந்து, கலக்கிக்கொண்டே சூடேற்றுகிறார்கள். மற்ற ஊடகங்களைப் பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் வேகவைத்துச் சுத்திகரிப்பது வழக்கம். எக்ஸ்.எல்.டி.யை அப்படிச் செய்யக்கூடாதாம். கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதிகம் காய்ந்தால் ஊடகம் திரிந்து பயனற்றுப் போகும். சுமார் 50 டிகிரிக்கு ஆற வைத்துத் தட்டுகளில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு முறை தயாரித்ததிலும் ஒரு தட்டில் தெரிந்த சால்மொனெல்லாவையும், ஒரு தட்டில் அடங்க வேண்டிய வேறு கிருமியையும் போட்டு, இன்னொன்றை வெறுமனே வைத்து, மூன்றும் சரியாக நடந்துகொண்டால்தான் அந்த ஊடகத்தைப் பயன்படுத்துகிறார்கள். எடைக்கல்லுக்கு முத்திரை போடுவது போல என்று நமக்குத் தோன்றியது. இது கண்டிப்பான பாதுகாப்புக்குள் பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை. கடையிலோ வீட்டிலோ செய்து பார்க்கிற காரியம் அல்ல.

மசாலா வியாபாரிகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. கிராம்பும் பட்டையும் தாமே கிருமியை அடக்கும் குணமுடையவை. அவற்றை வழக்கமான அளவு நீரில் கலந்தால், கிருமி இருந்தும் வளராமல் போய், அறிக்கை நல்லதாக வந்துவிடலாம். அதனால் பட்டைக்கு நூறு மடங்கும், கிராம்புக்கு ஆயிரம் மடங்கும் நீர்மம் சேர்ப்பது உண்டு. வெங்காயத்தூள், பூண்டுத்தூளுக்கும் தனி முறை இருக்கிறது. கிராம்பு கொடுக்கும்போது இது கிராம்பு என்று ஆய்வுக்கூடத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

சென்னை கண்ட புதுக் காலரா

“இந்தத் தட்டை நம்பலாமா?” என்று கேட்டதற்கு அந்த அம்மாள் நம் மாநிலத்துச் சம்பவத்தையே சொன்னார். 1992ஆம் ஆண்டு இறுதியில் சென்னையில் காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கு பரவியது. காலராவுக்கென்றே காரத்தன்மையுள்ள பச்சை நிற ஊடகம் ஒன்று உண்டு. அதில் காலராக் கிருமி மஞ்சள் பொட்டாக வளரும். நோயாளிகளிடமிருந்து வந்த கிருமியும் அப்படியே வளர்ந்தது. ஆனால் அதுவரை கொள்ளைநோயை உண்டாக்கிய ஓ1 வகையை அடையாளம் காட்டும் சீரம் இதோடு ஒட்டவே இல்லை. பழைய கணக்குப்படி பார்த்தால் காலரா இல்லை என்று சொல்லியிருக்கலாம். தட்டில் வளர்ந்ததை ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. அது ஓ139 என்ற புது வகை என்று தெரிந்தது. 1993இல் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பெரிய அளவில் பரவியது.

நம் சரக்கோடு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொன்று அதே 1993இல் ஜெர்மனியில் நடந்தது. பாப்ரிகா என்ற மிளகாய்த்தூள் தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்று சுமார் ஆயிரம் பேர் நோயுற்றார்கள் என்று கணக்கிட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள். தூளில் சால்மொனெல்லா இருந்தது. மிகச் சிறிய அளவே நோய் உண்டாக்கப் போதுமாக இருந்தது.

இதைக் கேட்டதும் நமக்கு வயிற்றைக் கலக்கியது. குழம்பில் போட்டுக் கொதிக்க வைக்கிற தூள் என்றால் கிருமி சாகும். வறுத்து எடுத்த சிப்ஸின் மேல் தூவுவது கொதிப்பதில்லை. நம் மலையடிவாரத்தில் மாங்காய்ப் பத்தைக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கிறார்களே, அதுவும் கொதிப்பதில்லை. பச்சைத் தூள் அப்படியே வாய்க்குப் போகிறது.

“நம்ம சாம்பிள் ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்” என்றோம். அந்த அம்மாள், “நீங்க அஞ்சு நாள் காத்திருக்கலாம் ஐயா. சாப்பிடறவங்க காத்திருக்க மாட்டாங்க” என்றார். அதற்குமேல் நமக்குப் பேச வாயில்லை.

திருப்பி எடுத்த சரக்கு

அன்று மாலையே ஊர் திரும்பி, பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்தோம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: நம் சரக்கு விதிக்கு மாறானது என்று தெரிந்தால் நாமே திருப்பி எடுக்க வேண்டும், அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும்.

அன்னதானச் சமையல்காரர் ஒரு சிப்பத்தைப் பிரித்துச் சாம்பாருக்குப் போட்டிருந்தார். கொதித்த சாம்பார் என்பதால் மூச்சு வந்தது. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நகரிக் கடைக்காரர், “முப்பது வருஷ வியாபாரத்துல சரக்கைத் திருப்பிக் கொடுன்னு கேட்ட முதல் மொத்த வியாபாரி நீதான் அண்ணா” என்று சிரித்துக்கொண்டே சிப்பத்தை ஏற்றிவிட்டார். சில்லறைக் கடைகளுக்குப் போன ஐந்தில் நான்கு பிரிக்காமல் கிடைத்தன. ஐந்தாவது சிப்பத்தில் ஆறு கிலோ உதிரியாக விற்றுப் போயிருந்தது. வாங்கியவர்களில் தள்ளுவண்டியில் மாங்காய் விற்கும் ஓர் அம்மாவும் இருந்தார். தம்பி மகனையும் அழைத்துக்கொண்டு போய், அவர் டப்பாவில் இருந்ததை வாங்கி, வேறு தூள் கொடுத்தோம். தீர்ந்து போனதை எப்படி வாங்குவது? யாருக்கும் உடம்புக்கு வந்ததாக நம் காதுக்கு எட்டவில்லை. அது முருகன் அருள். நம் சாமர்த்தியம் இல்லை. பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

ஐந்தாம் நாள் நம் மாதிரியின் அறிக்கை வந்தது. அதிலும் ‘உள்ளது’ என்றே இருந்தது. நம் நிலத்தில் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு எல்லாவற்றையும் புதைத்தோம். அந்த வருடம் மிளகாய் விலை விழுந்திருந்தது. அப்படியும் சுமார் முப்பதாயிரம் ரூபாய் நஷ்டம்.

கிருமி வந்த வழியையும் தேடினோம். அரைக்கக் கொடுக்கும் முன் மிளகாய் நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது நம் வழக்கம். பலரும் செய்வதுதான். கிடங்கின் பின்புறம் மூடியில்லாத டிரம்மில் இருந்து பையன் தண்ணீர் மொண்டு தெளித்திருக்கிறான். அந்தத் தண்ணீரையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தோம். மக்கான்கி தட்டு முழுக்க ரோஜாப் பொட்டு. எக்ஸ்.எல்.டி. தட்டில் கறுப்புக் கண். டிரம்மைக் கவிழ்த்தபோது அடியில் செத்த பல்லி கிடந்தது. பல்லியின் குடலில் சால்மொனெல்லா இருப்பது சகஜம் என்கிறார்கள். மில்லைக் குறை சொல்ல நினைத்த நாம், குறை நம் கிடங்கிலேயே இருந்ததைக் கண்டு தலை குனிந்தோம்.

நாம் கடைப்பிடிப்பவை

அன்று முதல் மிளகாய்க்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டோம். கொஞ்சம் நொறுங்கல் போனால் போகட்டும். மூட்டைகள் பலகை மேல்தான். சுவரை ஒட்டி அடுக்குவதில்லை. பல்லி, எலி, புறா நுழையாதபடி ஜன்னலுக்கும் கூரை இடுக்குக்கும் வலை அடித்தோம். தூள் கட்டும் ஆட்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே, கையை நன்றாக உலர்த்திக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். சாக்கையும் ஜல்லடையையும் ஈரத்துணியால் துடைப்பதில்லை, உலர்ந்த தூரிகைதான். ஈரம் பட்ட இடத்தில்தான் மயங்கிக் கிடக்கும் கிருமி விழிக்கிறது. ஒவ்வொரு சிப்பத்திலும் லாட் எண் எழுதி, அது எந்தக் கடைக்குப் போயிற்று என்று பேரேட்டில் குறிக்கிறோம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் 2017இல் ஒரு சிப்பத்தைக்கூடத் திரும்பப் பிடித்திருக்க முடியாது.

சோதனைக்குக் கொடுக்கும்போது என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடமா என்று பாருங்கள். மாதிரியைக் கையால் அள்ளாமல், அவர்கள் தரும் சுத்திகரித்த பையில், சுத்தமான கரண்டியால் எடுங்கள். ஒரே மூட்டையின் வாயிலிருந்து எடுத்தது போதாது. பல மூட்டைகளிலிருந்து, மேலும் நடுவும் அடியுமாக எடுங்கள். உப்போ மருந்தோ சேர்க்காதீர்கள். மசாலாவில் சால்மொனெல்லா 25 கிராமில் இருக்கவே கூடாது என்பது நம் நாட்டு விதி. ‘இல்லை’ என்று அறிக்கை வந்தாலும், அது சோதித்த அந்த 25 கிராமுக்கான சான்று. மிச்சத்துக்குச் சான்று நம் கிடங்கின் சுத்தமே.

அந்தச் சிப்ஸ் தயாரிப்பாளர் இரண்டு மாதம் கழித்து மறுபடி ஆர்டர் கொடுத்தார். இப்போதும் ஒவ்வொரு லாட்டையும் சோதித்துத்தான் வாங்குகிறார். முன்பெல்லாம் அதை அவமானமாக நினைத்தோம். இப்போது நாமே மாதிரியைக் கட்டி, லாட் எண் எழுதி, சரக்கோடு அனுப்பி வைக்கிறோம். ஐந்து நாள் காத்திருந்து பணம் வாங்குகிறோம்.